பழைய தீயணைப்பு நிலையத்தை மூடலாமா? ஒரு கேள்வியும் தொடர் குறிப்புகளும்

கேள்வி, பிப்ரவரி 11

எங்கள் பகுதித் தீயணைப்பு நிலையம் கட்டி 90 ஆண்டுகள் ஆகின்றன. சுவர்களில் விரிசல், கூரையில் ஒழுக்கு. நகரில் உள்ள 12 நிலையங்களில் இதுதான் மிகப் பழையது. இதை மூடிவிட்டால் 4 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் அடுத்த நிலையமே இப்பகுதியையும் பார்த்துக்கொள்ளும் என்றும், அழைத்த இடத்துக்கு வண்டி வந்துசேர நகர் முழுவதற்குமாக ஆகும் சராசரி நேரம் ஆறு வினாடிகூட அதிகரிக்காது என்றும் மாநகராட்சி அறிக்கை சொல்கிறது. ஆறு வினாடிக்காக இந்தக் கட்டடத்தைக் கட்டிக்கொண்டு அழ வேண்டுமா?

பிப்ரவரி 11, இரவு

தீயணைப்புக் கட்டுப்பாட்டு அறையில் 21 ஆண்டுகள் அழைப்பு எடுத்தவன் என்ற முறையில் எழுதுகிறேன். மூடக் கூடாது. அந்த ஆறு வினாடி சரியான கணக்காகவே இருக்கலாம். ஆனால் நகரில் எந்த வீட்டுக்கும் ஆறு வினாடி தாமதம் வரப்போவதில்லை. பெரும்பாலான வீடுகளுக்கு ஒரு வினாடிகூடக் கூடாமல் இருக்கும். உங்கள் பகுதிக்கு மட்டும் நிமிடக் கணக்கில் கூடும். நாளை விரிவாக எழுதுகிறேன்.

பிப்ரவரி 12, காலை

1970களில் நியூயார்க் நகருக்காக ராண்ட் என்னும் ஆய்வு நிறுவனத்தினர் வண்டிகளின் ஓட்டத்தை அளந்து உருவாக்கிய ஒரு சூத்திரம் இன்றும் திட்டமிடுவோரிடையே புழக்கத்தில் இருக்கிறது. தொலைவை மைலில் வைத்து 1.7 ஆல் பெருக்கி, அதனுடன் 0.65 ஐக் கூட்டினால் பயண நேரம் நிமிடங்களில் கிடைக்கும். நம் அளவில் சொன்னால், தொடக்கத்தில் 0.65 நிமிடம், பிறகு ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் ஏறத்தாழ 1.06 நிமிடம்.

இப்போது உங்கள் நிலையத்தின் வாசலுக்கு எதிர்வீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். இன்று வண்டி ஒரு நிமிடத்திற்குள் அங்கே நிற்கும். மூடிய பிறகு 4 கிலோமீட்டர் வர வேண்டும், அது 4.9 நிமிடம். நிலையத்திற்கு அப்பால், அடுத்த நிலையத்திற்கு எதிர்த்திசையில் 1.5 கிலோமீட்டர் தள்ளியுள்ள வீட்டுக்கு இன்று 2.2 நிமிடம், மூடிய பிறகு 5.5 கிலோமீட்டர், 6.5 நிமிடம். இரண்டு நிலையங்களுக்கும் நடுவில் இருக்கும் வீட்டுக்கு எந்த மாற்றமும் இல்லை. இழப்பு முழுவதும் ஒரு பக்கத்து மக்கள் மீதே விழுகிறது.

அமெரிக்கத் தேசியத் தீ பாதுகாப்புச் சங்கத்தின் 1710 என்னும் தர அளவுகோல், முதல் வண்டியின் பயண நேரம் 240 வினாடிக்குள் இருக்க வேண்டும் என்றும், நூற்றுக்குத் தொண்ணூறு அழைப்புகளில் அது நிறைவேற வேண்டும் என்றும் சொல்கிறது. சராசரியைக் கேட்காமல் தொண்ணூறு விழுக்காட்டைக் கேட்பதற்குக் காரணம் இருக்கிறது. சராசரியில் அருகிலுள்ள வீடுகளின் வேகம் தொலைவிலுள்ள வீடுகளின் தாமதத்தை மூடி மறைத்துவிடும்.

பிப்ரவரி 12, இரவு

அறிக்கையின் ஆறு வினாடி எங்கிருந்து வந்திருக்கும் என்று போட்டுப் பார்த்தேன். பீட்டர் கோலேசரும் எட்வர்ட் பிளமும் 1973 இல் வெளியிட்ட வர்க்கமூல விதி என்று ஒன்று உண்டு. ஒரு பரப்பில் நிலையங்களின் எண்ணிக்கை குறையும்போது, வண்டி ஓடும் சராசரித் தொலைவு அந்த எண்ணிக்கையின் வர்க்கமூலத்திற்கு எதிர்விகிதத்தில் கூடும் என்பது அதன் சாரம். 12 நிலையங்கள் 11 ஆனால் தொலைவு 4.4 விழுக்காடு கூடும். இன்றைய சராசரி 2 கிலோமீட்டர் என்று வைத்தால் கூடுவது 90 மீட்டருக்கும் குறைவு. நேரத்தில் ஏறத்தாழ 5.6 வினாடி. ஆக, அறிக்கை எழுதியவர் கணக்குத் தெரிந்தவர்தான்.

அதே விதியை உங்கள் இரண்டு நிலையங்களுக்கு மட்டும் பொருத்தினால், இரண்டு ஒன்றாகும்போது சராசரித் தொலைவு 41 விழுக்காடு கூடும். கருத்துக்கேட்புக் கூட்டத்தில் இந்த எண்ணைச் சொல்லுங்கள்.

பிப்ரவரி 14

திருத்தம். 41 என்ற எண்ணைக் கூட்டத்தில் சொல்ல வேண்டாம். வர்க்கமூல விதி ஒரு பெரிய பரப்பில் பல நிலையங்கள் பரவியிருக்கும் நிலைக்குப் பொருந்துவது; மிஞ்சும் நிலையங்கள் புதிய பரப்புக்கு ஏற்றபடி அமைந்திருப்பதாகவும் அது எடுத்துக்கொள்கிறது. உங்கள் ஊரில் மிஞ்சும் நிலையம் நகரப்போவதில்லை, இருந்த இடத்திலேயே இருக்கப்போகிறது. ஆகவே உண்மை நிலை 41 ஐவிட மோசமானது.

ஒரு தாளில் 4 கிலோமீட்டர் பக்கமுள்ள இரண்டு சதுரங்களை ஒட்டி வரைந்து, ஒவ்வொன்றின் நடுவிலும் ஒரு நிலையத்தை வையுங்கள். தெருக்கள் குறுக்கும் நெடுக்குமாகச் செல்கின்றன என்று கொண்டால், ஒவ்வொரு சதுரத்திலும் சராசரித் தொலைவு 2 கிலோமீட்டர். ஒரு நிலையத்தை எடுத்துவிட்டால் அந்தச் சதுரத்தின் சராசரி 5 கிலோமீட்டர் ஆகிறது. இரண்டு சதுரங்களையும் சேர்த்தால் 3.5, அதாவது 75 விழுக்காடு அதிகம். நிலையத்தை இழந்த பகுதிக்கு மட்டும் பார்த்தால் இரண்டரை மடங்கு. மிஞ்சிய நிலையத்தை இரண்டு சதுரங்களும் சேரும் எல்லையின் நடுவுக்கு மாற்றினால் மொத்தச் சராசரி 3 கிலோமீட்டரில் நிற்கும். உங்கள் பகுதியின் மற்றப் பக்கங்களில் வேறு நிலையங்கள் இருந்தால் இந்த எண்கள் கொஞ்சம் இறங்கும். வரைபடத்தில் பார்த்துச் சொல்லுங்கள்.

இன்னொரு குறையையும் ஒப்புக்கொள்ள வேண்டும். தொலைவு இரண்டரை மடங்கு கூடினால் நேரமும் இரண்டரை மடங்கு கூடும் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. அழைப்பை எடுத்து இடத்தை உறுதிசெய்ய ஒரு நிமிடம் அளவில் ஆகிறது; வீரர்கள் உடை அணிந்து வண்டி ஏற, முன்பு சொன்ன 1710 அளவுகோலே 80 வினாடி தருகிறது. இவை எந்த நிலையத்திலிருந்து வந்தாலும் மாறாதவை. 2 கிலோமீட்டருக்கான பயணம் 2.8 நிமிடம், 5 கிலோமீட்டருக்கானது 5.9 நிமிடம். கூட்டத்தில் சொல்ல வேண்டியது இந்த மூன்று நிமிட வேறுபாட்டைத்தான். மடங்குக் கணக்கைச் சொன்னால் எதிர்த்தரப்பு எளிதாக உடைத்துவிடும்.

பிப்ரவரி 15

கட்டடத்தின் படங்களை அனுப்பியிருக்கிறீர்கள். அவற்றைப் பார்த்த பிறகு, முதல் நாள் இரவு “மூடக் கூடாது” என்று நான் எழுதிய வேகம் சரியில்லை என்று தோன்றுகிறது.

வண்டி நிற்கும் கூடத்திற்குக் கீழே நிலவறை இருப்பதைக் காண்கிறேன். அந்தத் தளம் எத்தனை டன் தாங்கும் என்று யாராவது அண்மையில் சோதித்தார்களா? 4,500 லிட்டர் நீர் ஏற்றிய வண்டியில் நீரின் எடை மட்டுமே 4.5 டன், வண்டி, ஏணி, எந்திரம், ஆட்கள் எல்லாம் அதற்கு மேல். இன்றைய வண்டிகள் அகலத்திலும் உயரத்திலும் வளர்ந்துவிட்டன. உங்கள் நிலையத்தின் வாசல் தூண்களில் இருக்கும் சிராய்ப்புகள், ஒவ்வொரு முறையும் ஓட்டுநர் எவ்வளவு நெருக்கிக்கொண்டு வெளியேறுகிறார் என்பதைக் காட்டுகின்றன.

அதைவிட என்னை உறுத்துவது, வண்டிக் கூடத்திற்கு நேர் மேலே, கதவில்லாத படிக்கட்டின் முடிவில் இருக்கும் படுக்கை அறை. டீசல் புகையைப் புற்றுநோயை உண்டாக்கும் பொருள் என்று பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 2012 இல் வகைப்படுத்தியது. தீயணைப்புப் பணியையே அதே வகையில் 2022 இல் சேர்த்தது. தீயிலிருந்து திரும்பிய உடைகளை உறங்கும் இடத்திலிருந்தும் உண்ணும் இடத்திலிருந்தும் பிரித்து வைக்க வேண்டும் என்பதுதான் இன்றைய நிலைய வடிவமைப்பின் அடிப்படை. உங்கள் படத்தில் அந்த உடைகள் படுக்கைக்குப் பக்கத்து ஆணியில் தொங்குகின்றன. பெண் வீரர்களுக்கு உடை மாற்றத் தனி அறை இருப்பதாகவும் தெரியவில்லை.

நம் வீடுகளைக் காக்க வருகிறவர்களை இப்படி ஓர் இடத்தில் இன்னும் 20 ஆண்டுகள் உறங்கச் சொல்லி நாம் போராடக் கூடாது. ஆகவே என் முதல் பதிலைத் திரும்பப் பெறுகிறேன். அந்தக் கட்டடத்தை மூடலாம், மூடவும் வேண்டும். ஆனால் கட்டடத்தை மூடுவது வேறு, அந்த இடத்திலிருந்து வண்டியையும் குழுவையும் எடுத்துவிடுவது வேறு. மாநகராட்சியின் அறிக்கை முதலாவதற்கான காரணங்களைக் காட்டி இரண்டாவதைச் செய்கிறது.

பிப்ரவரி 15, சற்றுப் பின்

படத்தில் உள்ள சுழல் படிக்கட்டைப் பற்றி ஒருவர் கேட்டிருந்தார். தீயணைப்பு வண்டிகளைக் குதிரைகள் இழுத்த காலத்தில், கீழே கட்டியிருக்கும் குதிரை சமையல் வாசனையைப் பிடித்துக்கொண்டு மாடியேறிவிடாமல் இருக்கவே சுழல் படி அமைத்தார்கள் என்று சொல்வார்கள். வளைந்த படியில் மனிதர்களும் வேகமாக இறங்க முடியாது. 1878 இல் சிகாகோவின் 21ஆம் எண் குழுத் தலைவர் டேவிட் கென்யன் முதன்முதலாகச் சறுக்குக் கம்பத்தைப் பொருத்தினார். அந்தக் கம்பத்துக்கான ஓட்டை வழியாகத்தான் புகை மேலே ஏறுகிறது என்பதால் இப்போது பல இடங்களில் அதை மூடி, எல்லா அறைகளையும் தரைத்தளத்திலேயே கட்டுகிறார்கள். பழைய கட்டடம் பிடிக்கும் என்பதால் இதை எழுதும்போது எனக்கு வருத்தமாகத்தான் இருக்கிறது.

பிப்ரவரி 17

“இப்போதெல்லாம் வீடுகளில் தீப்பிடிப்பதே குறைவு, பெரும்பாலான அழைப்புகள் வேறு காரணங்களுக்காகத்தானே?” என்ற கேள்வி நியாயமானது. அமெரிக்காவில் தீயணைப்புத் துறைகளுக்கு வரும் அழைப்புகளில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு மருத்துவ உதவிக்கானவை. தீ ஏறக்குறைய 4 விழுக்காடு மட்டுமே. ஆனால் இந்த எண் தொலைவின் முக்கியத்துவத்தைக் குறைக்கவில்லை. மாரடைப்பில் இதயம் நின்றுபோனவருக்கு மார்பு அழுத்தமோ மின்னதிர்ச்சியோ கிடைக்காமல் கழியும் ஒவ்வொரு நிமிடத்திலும் பிழைக்கும் வாய்ப்பு 7 முதல் 10 விழுக்காடு குறைகிறது. மேலே கணக்கிட்ட மூன்று நிமிடத்தை இதனுடன் வைத்துப் பாருங்கள். உங்கள் ஊரில் மருத்துவ அழைப்புக்குத் தீயணைப்புக் குழு போவதில்லை என்றால் இந்த வாதம் பொருந்தாது. அதை முதலில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

பிப்ரவரி 18

தீயைப் பற்றி ஒரு கடுமையான எதிர்வாதம் வந்திருக்கிறது. அதைத் தவிர்க்க விரும்பவில்லை. அமெரிக்காவின் யூ.எல். என்னும் பாதுகாப்புச் சோதனை ஆய்வகம் 2012 இல் வெளியிட்ட சோதனைகளில், செயற்கை இழையும் நுரைமெத்தையும் நிறைந்த இன்றைய வரவேற்பறை ஐந்து நிமிடத்திற்குள் முழுவதுமாகத் தீப்பற்றியது. பழைய வகை மரச் சாமான்களும் பருத்தியும் கொண்ட அறைக்கு ஏறத்தாழ அரை மணி நேரம் ஆனது. அழைப்பு, உடை அணிதல், பயணம் எல்லாம் சேர்ந்தால் இன்றுகூட உங்கள் வண்டி ஐந்து நிமிடத்தைத் தொட்டுவிடும். “எப்படியும் தாமதம்தான் என்றால் மூன்று நிமிடம் கூடினால் என்ன?” என்று அதை எழுதியவர் கேட்கிறார்.

அந்தச் சோதனையில் கடிகாரம் சுடர் பற்றிய கணத்தில் தொடங்குகிறது. எல்லாத் தீயும் அப்படித் தொடங்குவதில்லை. புகைந்துகொண்டே இருந்து, அழைப்பு வந்த பிறகு சுடராகும் தீ உண்டு. கதவு சாத்திய அறையில் மாட்டிக்கொண்டவர், அடுத்த அறை முழுவதும் எரிந்த பிறகும் பல நிமிடம் உயிரோடிருக்க முடியும். முதல் அறையைக் காப்பாற்ற முடியாத வண்டி, மாடி வீட்டையும் பக்கத்து வீட்டையும் காப்பாற்றுகிறது. எட்டாவது மாடி என்றால் வாசலில் வண்டி நின்ற பிறகும் ஏறும் நேரம் இருக்கிறது, அதை இத்தகைய அறிக்கைகள் பெரும்பாலும் எண்ணுவதில்லை.

ஆனாலும் அவர் சொல்வதில் ஒரு பாதி சரி. வேலை செய்யும் புகை எச்சரிப்பான் உள்ள வீடுகளில் தீயால் இறப்பு விகிதம் ஏறத்தாழப் பாதியாகவோ அதற்கும் கீழாகவோ இருக்கிறது. நிலையத்தை மூடி மிச்சப்படும் பணத்தில் அப்பகுதியின் ஒவ்வொரு வீட்டுக்கும் எச்சரிப்பான் பொருத்துவோம் என்று மாநகராட்சி எழுதித் தந்தால், அதை நான் உதறித் தள்ள மாட்டேன். உங்கள் அறிக்கையில் மிச்சம் எங்கே போகும் என்று ஒரு வரிகூட இல்லை.

பிப்ரவரி 18, இரவு

எச்சரிப்பானைப் பற்றி எழுதிய பிறகு தூக்கம் வரவில்லை. நான் பணியில் சேர்ந்து நான்காம் ஆண்டில், ஓர் இரவு, ஒரு பெண் அழைத்தார். அவருக்கு அருகிலிருந்த நிலையத்தின் வண்டி அப்போது வேறொரு விபத்துக்குப் போயிருந்தது. அடுத்த நிலையத்திலிருந்து வண்டி சேர 11 நிமிடம் ஆனது. அந்த 11 நிமிடமும் நான் தொடர்பைத் துண்டிக்கவில்லை. ஈரத்துணியைக் கதவிடுக்கில் வைக்கச் சொன்னேன், தரையோடு தாழ்ந்திருக்கச் சொன்னேன், சன்னலைப் பற்றிக் கேட்டேன். “வந்துவிட்டார்களா?” என்று அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். “வந்துகொண்டிருக்கிறார்கள்” என்பதைத் தவிர என்னிடம் வேறு சொல் இல்லை. அவரையும் குழந்தையையும் ஏணி வழியாக இறக்கினார்கள், இருவரும் பிழைத்தார்கள். சராசரி என்ற சொல்லை யார் பேசினாலும் எனக்கு அந்தக் குரல் கேட்கிறது. இது வாதமாகாது என்பது எனக்குத் தெரியும்.

பிப்ரவரி 20

அந்த இரவு இன்னொரு கணக்கை நினைவூட்டியது. அதை முதல் நாளே எழுதியிருக்க வேண்டும். அருகிலுள்ள வண்டி வெளியே போயிருந்தால் என்ன ஆகும்?

உங்கள் நிலையத்திலும் அடுத்ததிலும் தலா ஒரு வண்டி என்றும், ஒவ்வொன்றும் நாளில் 10 விழுக்காடு நேரம் பணியில் இருக்கிறது என்றும் கொள்வோம். இரண்டும் ஒரே நேரத்தில் வெளியே இருக்கும் வாய்ப்பு நூற்றில் ஒன்று. நிலையத்தை மூடி வண்டியையும் நீக்கிவிட்டால், மிஞ்சும் ஒரு வண்டி இரு பகுதிகளின் அழைப்புகளையும் சுமந்து 20 விழுக்காடு நேரம் வெளியே இருக்கும். பயணங்கள் நீளமாவதால் அதற்கு மேலும் கூடும். அப்போது ஐந்து அழைப்புகளில் ஒன்றுக்கு மூன்றாவது நிலையத்திலிருந்து வண்டி வர வேண்டும். வண்டியையும் குழுவையும் அடுத்த நிலையத்திற்கு மாற்றி வைத்தால், தொலைவு கூடினாலும் இந்த நூற்றில் ஒன்று என்ற நிலை பெரிதாக மாறாது.

ஆகவே நீங்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி கட்டடத்தைப் பற்றியதல்ல. வண்டி எங்கே போகிறது? குழுவின் பணியிடங்கள் நீடிக்கின்றனவா? “மறுபகிர்வு” என்று அறிக்கையில் ஒரு சொல் இருப்பதாக எழுதியிருந்தீர்கள். அந்தச் சொல்லுக்கு எண்ணிக்கையில் விளக்கம் கேளுங்கள்.

பிப்ரவரி 22

நிலையங்களை மூடிய ஊர்களைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். லண்டனில் 2014 ஜனவரி 9 அன்று ஒரே நாளில் 10 நிலையங்கள் மூடப்பட்டன. 1872 இல் தொடங்கிய கிளார்க்கன்வெல் நிலையமும் அவற்றில் ஒன்று. முதல் வண்டிக்கு 6 நிமிடம், இரண்டாவதற்கு 8 நிமிடம் என்பது அங்கே நகரளவிலான சராசரி இலக்கு. இலக்கு நகரளவில் எட்டப்பட்டுக்கொண்டே இருந்தபோதும், மூடிய நிலையங்களைச் சுற்றிய சில வட்டாரங்களில் நேரம் கூடியது. உங்கள் அறிக்கையின் ஆறு வினாடி செய்வதும் இதுதான்.

நியூயார்க்கின் கதை நீளமானது. 1970களில் நிதி நெருக்கடியின்போது, மேலே சொன்ன சூத்திரங்களையும் துணைக்கு வைத்துக்கொண்டு பல குழுக்களை மூடினார்கள். மூடல்கள் பெரிதும் ஏழைகள் நெருக்கமாக வாழ்ந்த, அதிகம் எரிந்துகொண்டிருந்த பகுதிகளில் விழுந்தன என்ற குற்றச்சாட்டு இன்றும் அந்த முடிவுகள் மீது இருக்கிறது. 1975 இல் வில்லியம்ஸ்பர்க் பகுதியின் 212ஆம் எண் நிலையத்தை மூட வந்தபோது, மக்கள் உள்ளே புகுந்து வண்டியை வெளியே விடாமல் ஓராண்டுக்கு மேல் அங்கேயே தங்கினார்கள். நகரம் பணிந்தது. பிறகு 2003 இல் ஆறு குழுக்களை ஒரே நேரத்தில் மூடியபோது அந்த நிலையமும் போயிற்று.

பிப்ரவரி 12 அன்று நான் சூத்திரத்தைப் பாராட்டி எழுதியதை இதனுடன் சேர்த்துப் படிக்க வேண்டும். சூத்திரம் ஓர் ஊரின் போக்குவரத்தை அளந்து செய்தது. உங்கள் ஊரின் சாலைக்கு அதை அப்படியே பொருத்துவது தவறாக முடியலாம். நீங்களே அளந்து பார்க்க முடியுமா? அடுத்த நிலையத்தின் வாசலிலிருந்து உங்கள் பகுதியின் கடைசித் தெரு வரை, காலையிலும் பிற்பகலிலும் நள்ளிரவிலும் ஒரு முறை.

பிப்ரவரி 27

அளந்து அனுப்பியதற்கு நன்றி. 5.6 கிலோமீட்டர். நள்ளிரவில் 7 நிமிடம் 10 வினாடி, பிற்பகலில் 9 நிமிடம் 40 வினாடி, காலை நெரிசலில் 15 நிமிடம் 30 வினாடி. சூத்திரத்தின்படி 6.6 நிமிடம் ஆகியிருக்க வேண்டும். நீங்கள் போனது சாதாரண காரில். சங்கு ஒலித்துக்கொண்டு வரும் வண்டி காலையில் இதைவிட வேகமாக வரும் என்பதையும் குறித்துவையுங்கள், இல்லாவிட்டால் கூட்டத்தில் அதை வைத்தே உங்கள் அளவை ஒதுக்கிவிடுவார்கள். ஆனால் நீங்கள் குறிப்பிட்டிருக்கும் ரயில்வே கதவு சங்கொலிக்குத் திறக்காது. அங்கே நான்கு நிமிடம் நின்றதாக எழுதியிருக்கிறீர்கள். நான் தாளில் வரைந்த சதுரங்களில் ரயில் பாதை இல்லை.

மார்ச் 1

நீங்கள் அனுப்பிய மனுவின் வரைவைப் படித்தேன். “நிலையத்தை மூடாதே” என்ற தலைப்பை எடுத்துவிட்டு, “வண்டியும் குழுவும் ரயில் பாதைக்கு இந்தப் பக்கமே இருக்க வேண்டும்” என்று எழுதுங்கள். புதிய கட்டடத்திற்குச் சில ஆண்டுகள் ஆகும் என்றால், அதுவரை பக்கத்து மைதானத்தில் வண்டிக்கு ஒரு தகரக் கொட்டகையும் வீரர்களுக்குத் தற்காலிக அறைகளும் போதும்; பல ஊர்களில் அப்படித்தான் செய்கிறார்கள், அந்த அறைகள் இப்போதைய மாடியைவிட உடலுக்கு நல்லவை. மூன்றாம் பத்தியில் நான் முன்பு சொன்ன 41 விழுக்காடு இன்னும் இருக்கிறது, அதை அடித்துவிடுங்கள். நீங்கள் அளந்த மூன்று நேரங்களையும் முதல் பக்கத்திலேயே போடுங்கள், ரயில்வே கதவு ஒரு நாளில் எத்தனை முறை மூடப்படுகிறது என்பதையும் ரயில் நிலையத்தில் கேட்டுச் சேர்த்துவிடுங்கள்.

மார்ச் 2

ஒன்று விட்டுப்போயிற்று. கூட்டத்திற்கு முன்பு அந்த நிலையத்து வீரர்களிடமும் ஒரு முறை பேசிவிடுங்கள். அவர்கள் சார்பாக நாம் இத்தனை எழுதியிருக்கிறோம், அவர்களை இன்னும் யாரும் கேட்கவில்லை.